பாட்டும் அதன் பெட்டியும்

பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பின் பொருட்டு இவ்வூர் வந்த என் தந்தையார், பல ஆண்டுகளாகச் சேர்த்த காஸெட்டுகள் அதில் இருக்கின்றன. அண்மையில் அதை இறக்கிப் பார்த்தபோது ஐந்துக்கு இரண்டு பாடவில்லை. வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். ஆதலால் அதைப் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாட்டை எந்தப் பெட்டியில் அடைக்கிறோமோ, அதற்கேற்பவே நம் செவியும் பழகிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம் உண்டு. மேடையில் அரைமணி நேரம் விரிந்த ராகத்தை வித்துவான்கள் அதற்குள் வடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சுருக்கத்திலும் ஓர் அழகு உண்டு என்பது என் கட்சி. 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த நீண்ட நேர இசைத்தட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தந்தது. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் அத்தகைய தட்டில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பிலிப்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் காஸெட்டை அறிமுகப்படுத்திற்று. நம் நாட்டில் எளியவர் வீட்டுக்கு அது வந்து சேர 1980கள் ஆயின.

என் தந்தையார் அச்சிட்ட அட்டையுடன் விற்கும் காஸெட்டுகளை அதிகம் வாங்கியதில்லை. வெற்றுக் காஸெட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் அக்காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. பக்கத்துக்கு 45 நிமிடம். எதற்குப் பின் எது வரவேண்டும் என்று தீர்மானிக்க அவருக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஒரு காஸெட்டில் ஒரு பக்கம் 'அன்னக்கிளி' (1976) முதலிய தமிழ்ப் படங்கள். மறுபக்கம் 'கீதா' (1981), 'பல்லவி அனு பல்லவி' (1983) ஆகிய கன்னடப் படங்கள். இரு பக்கத்துக்கும் இசை இளையராஜா. கன்னடத் திரையுலகில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தேர்ந்தவர் அவர். மணிரத்னம் முதன்முதலில் இயக்கிய படமும் கன்னடப் படமே.

1991 டிசம்பரில் காவிரி விவகாரத்தை ஒட்டி இந்நகரில் கலவரம் மூண்டது. தமிழர் பலர் ஊரை விட்டுச் சென்றனர். நாங்கள் செல்லவில்லை, ஆனால் பல நாட்கள் வீட்டில் பாட்டு ஒலிக்கவில்லை. ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் வந்து, "ஜானகி பாட்டைப் போடுங்கள், வீடு ஊமை போல இருக்கிறதே" என்று தம் மொழியில் கேட்டார். அப்பா முதலில் கன்னடப் பக்கத்தைத்தான் போட்டார். அது முடிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டுக் காஸெட்டைத் திருப்பினார். அம்மையார் எழுந்து போகவில்லை. அம்மா மறுபடியும் காப்பி கலந்தாள்.

கச்சேரி நினைவுக்குத் திருப்பிப் போடும் வசதி கிடையாது. சாமராஜப்பேட்டையில் 1939இல் தோன்றிய ஸ்ரீ ராமசேவா மண்டலி, கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நெடுங்காலமாக நடத்திவரும் ராமநவமி இசைவிழாவுக்கு இரண்டு பஸ் மாறிப் போவோம். கே. ஜே. ஏசுதாஸ் பாடிய ஓர் இரவு, பந்தலின் மேல் கோடை மழை கொட்டியது. அன்று அவர் பாடிய ராகம் இன்று எனக்கு நினைவில்லை. மழையோசைக்குமேல் எழுந்த குரல் மட்டும் நினைவிருக்கிறது. 2025 முதல் பொம்மனஹள்ளியிலேயே மெட்ரோ ரயில் ஏறி, ஆர். வி. ரோடு நிலையத்தில் மாறி, கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் இறங்கிவிடலாம். அப்பா அதைக் காண இல்லை.

இனிப் பெட்டிக்கு வருவோம். ஒலிநாடா என்பது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் சுருள். அதன்மேல் பசை கொண்டு பூசப்பட்ட காந்தத் துகள்களில்தான் பாட்டு தங்கியிருக்கிறது. 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது. ஆதலால் எளிதில் சிக்கும். பாடாத காஸெட்டை உடனே எறிந்துவிட வேண்டாம். பல சமயங்களில் கெட்டிருப்பது நாடா அன்று. அதை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித்துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். கூடு திருகாணி உள்ளதாயின், பிரித்து நாடாவை வேறொரு கூட்டுக்கு மாற்றிவிடலாம். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் கருவியில் போடவே கூடாது. நெடுநாள் கிடந்த நாடாவை, ஓட்டுவதற்கு முன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரு முறை சுற்றித் திருப்பிவிட வேண்டும். பிறகு கணிப்பொறியில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகே வைக்காமல், ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வைப்பது நலம்.

எங்கள் காஸெட்டுகளில் பாதிக்குமேல் இவ்வாறு பிழைத்தன. எல்லாவற்றையும் பிரதி எடுக்கப் பொழுது இல்லாதவர்கள், கையால் பட்டியல் எழுதியவற்றையும், வீட்டார் குரலோ கச்சேரியோ பதிந்தவற்றையும் முதலில் எடுக்கவும். அச்சிட்ட அட்டையோடு கடையில் வாங்கியவை காத்திருக்கலாம். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன.