பெங்களூர்ச் சாலைகளில் தட ஒழுங்கு

பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து கிருஷ்ணராஜபுரம் செல்லும் வெளிவட்டச் சாலையில், 2019 அக்டோபரில் இடப்புறத் தடம் மாநகரப் பேருந்துகளுக்கென ஒதுக்கப்பட்டது. வண்ணக்கோடு மட்டும் போதாதென்று கருதி, கோட்டின் மீது சிறு கம்பங்களும் நடப்பட்டன. பின்னர் மெட்ரோ இரயில் பணி தொடங்கியபோது இவ்வேற்பாடு கைவிடப்பட்டது. ஆயினும், ஒரு கோட்டை மதிக்கச் செய்வதற்குக் கம்பம் நட வேண்டியிருந்ததே என்பது சிந்தனைக்குரியது.

தடம் ஒன்றின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். இரண்டரை மீட்டர் அகலமுள்ள பேருந்து இருபுறமும் சற்று இடம்விட்டுச் செல்வதற்கேற்ற அளவு இது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத மோட்டார் சைக்கிளில் வருபவருக்கோ, அதே தடத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாகவே தோன்றும். பெங்களூரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இரு சக்கர வாகனங்களே. ஆகவே, இங்குக் காணப்படும் ஒழுங்கின்மைக்கு மனிதரின் பொறுமையின்மை மட்டுமே காரணம் என்று கூறிவிடுவது முறையாகாது.

இடையே நுழைபவர் நேரத்தை மிச்சப்படுத்துகிறாரா? இரண்டு வினாடிக்கு ஒன்றாக வாகனங்கள் சீராகச் சென்றால், ஒரு தடத்தில் மணிக்கு 1,800 வாகனங்கள் கடக்கலாம். ஒருவர் குறுக்கே புகுந்ததும் பின்னால் வருபவர் பிரேக்கை அழுத்துகிறார். அவருக்குப் பின்னுள்ளவர் இன்னும் பலமாக அழுத்துகிறார். சில நூறு மீட்டர் பின்னால் வாகனங்கள் நின்றேவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டச் செய்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். எவரும் குறுக்கே புகாதபோதே, வேகத்தில் ஏற்பட்ட சிறு ஏற்றத்தாழ்வுகளால் நெரிசல் தானாக உருவாயிற்று. குறுக்கே புகுந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தடம் குறிக்கப்பட்ட சாலையில் அதற்குள்ளேயே ஓட்ட வேண்டும். உரிய சைகை காட்டிய பின்னரே தடம் மாற வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் விதிக்கின்றன. மீறுவோருக்கு ரூ. 500 முதல் ரூ. 1,000 வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகை செய்தது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ. 10,000 அபராதம், அல்லது இரண்டும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வெளிப்படை. தடங்களில் வாகனங்கள் வரிசையாக நின்றால், ஒரு வரிசை சற்று ஒதுங்கியதும் வழி பிறக்கும். இடைவெளிகள் எல்லாம் இரு சக்கர வாகனங்களாலும் ஆட்டோக்களாலும் அடைபட்டிருந்தால், வழிவிட விரும்புபவருக்கும் ஒதுங்க இடமிராது. உள்ளே நோயாளி காத்திருக்கிறார்.

பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்கள் தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு இருபுறமும் சேவைச் சாலை உண்டு. நகரினுள் அவ்வாறு பிரிக்க இடமில்லை. அங்கு ஓட்டுநரின் கடமையைப் பேசுமுன் நிர்வாகத்தின் கடமையையும் பேசியாக வேண்டும். மழைக்குப் பின் அழிந்துபோன கோட்டினுள் எவ்வாறு ஓட்டுவது? மூன்று தடங்கள் மேம்பால வாயிலில் முன்னறிவிப்பின்றி இரண்டாகக் குறுகினால் முட்டிமோதாமல் என் செய்வது? பேருந்து நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்றிருக்க, பேருந்து இரண்டாம் தடத்தில் நின்று பயணிகளை ஏற்றுவதைத் தினமும் காண்கிறோம். அபராதச் சீட்டு அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு மட்டும் போய்ச் சேருமானால், நிறுத்தம் மறுநாளும் அப்படியேதான் இருக்கும்.