தூரப் பண்ணைகளில் ரேடியோப் பேச்சு

1928-ல் ஆஸ்திரேலியாவில் குளோன்கர்ரி என்னும் ஊரில் விமான வைத்திய சேவை ஏற்பட்டது. ஆனால் உட்பிரதேசப் பண்ணைகள் பலவற்றில் வைத்தியரை அழைக்க வழியில்லை. 1929-ல் ஆல்பிரட் டிரேகர் என்பவர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோக் கருவியைப் பண்ணைகளில் அமைக்கலானார். முதலில் தந்திக் குறிகளையே அனுப்ப முடிந்தது. பேச்சு பின்னர் வந்தது.

இத்தகைய நிலையத்தை லைசென்ஸின்றி நடத்தலாகாது. பொதுக் கிணற்றைப் போல, அலைவரிசை பலருக்கும் பொது. இருவர் ஒருங்கே பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே, அலை காலியாயிருக்கிறதா என்று முதலில் செவிகொடுத்துக் கேட்டு, தம் நிலையத்தின் அழைப்புக் குறியைக் கூறியே தொடங்க வேண்டும். பிறர் சங்கதி காதில் விழலாம் (அது எத்துணை ருசிகரமாயினும்!), அதை வெளியிடுவது சர்வதேச விதிகளுக்கு விரோதம். ஆபத்து அழைப்புக் கேட்டதும், மாட்டு விலை பேசுபவர் பேச்சை நிறுத்தி வழிவிட வேண்டும். விமானம் நோயாளியிடம் போய்ச் சேருவது அந்தச் சில நிமிஷங்களைப் பொறுத்திருக்கலாம்.