பஞ்சுப் போர்வையில் பூத்தையல்

பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்து, குழந்தைக்கு விரிப்பாகவும் பெரியவர்களுக்குப் போர்வையாகவும் பயன்படுத்தும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. வங்காளத்தில் இதனையே காந்தா என்ற பெயரில் ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். கையால் தைத்தால் மாதக்கணக்கில் நீளும் இவ்வேலையை, வீட்டிலுள்ள தையல் யந்திரத்தைக் கொண்டு சில நாட்களில் முடித்துவிடலாம். அதுவும் நேர்கோட்டில் மட்டுமன்று, கொடியாகவும் இலையாகவும் சுழியாகவும் தைக்கலாம். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு யந்திரமே இதற்குப் போதும். அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எண்ணியிருப்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவன ஊசிக்கு அடியிலுள்ள பற்கள். பூத்தையலில் அப்பற்களுக்கு ஓய்வு. நகர்த்துவன நம் இரு கைகள். ஆகவே தையலின் நீளத்தை யந்திரம் தீர்மானிப்பதில்லை. கையின் வேகமும் காலின் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நிமிடத்திற்கு 600 தையல் விழுகிறது, அங்குலத்திற்கு 10 தையல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கை விநாடிக்கு 1 அங்குலம் நகர வேண்டும். மிதிக்கும் வேகம் பாதியாகக் குறைந்தால் கையின் வேகமும் பாதியாக வேண்டும்.

சில யந்திரங்களில் பற்களைக் கீழே இறக்க ஒரு திருகு உண்டு. இல்லையேல் பற்களை மூடும் தகடு ஒன்றைப் பொருத்தலாம். அதுவும் கிடைக்காவிடில் தையல் நீளத்தைச் சுழியில் வைத்தால் பற்கள் மேலும் கீழும் அசையுமேயன்றித் துணியை இழுக்கமாட்டா. துணியை விடாமல் அமுக்கும் வழக்கமான பாதத்தைக் கழற்றிவிட்டு, சுருள்வில் உள்ள டார்னிங் பாதத்தை மாட்ட வேண்டும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் முன்னதாகக் கச்சாத் தையலால் பிணைத்துக்கொள்வது அவசியம். இத்தகைய கனத்திற்கு 14ஆம் எண் ஊசி ஏற்றது.

இனித் தொல்லைகளுக்கு வருவோம். அடித்துணியில் நூல் கூடுபோல் சிக்கிக் கிடந்தால் பலரும் பாபினைத்தான் குறை கூறுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும். பாதத்தைத் தூக்கும் நெம்புகோல் மேலே நின்றால், நூலை இறுக்கும் வட்டத்தட்டுகள் விரிந்துவிடும். மேல்நூலுக்குப் பிடிப்பே இராது. டார்னிங் பாதம் துணியை அழுந்தப் பிடிப்பதில்லையாதலால், நெம்புகோலை இறக்க மறப்பது எளிது. முதலில் அதைப் பாருங்கள். பின் நூல் தட்டுகளின் நடுவே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாபின் கூட்டின் திருகில் கை வைப்பது கடைசி வேலை. அதற்கும் ஒரு சோதனை உண்டு: கூட்டை நூலில் தொங்கவிட்டு இலேசாக உதறினால் அது சிறிதளவே இறங்கி நிற்க வேண்டும்.

வளைவுகளில் மட்டும் அடியில் கண்ணிமை மயிர்போல் நூல் வளையங்கள் தோன்றினால், யந்திரத்தில் பழுதில்லை. வளைவில் கை விரைந்து ஓடி, நூலை ஒரு பக்கமாக இழுக்கிறது என்பதே பொருள். கையை நிதானப்படுத்தினால் போதும். மேல் இறுக்கத்தைச் சற்றே மாற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகு. பாபின் நூல் மேலே புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கம் மிகுதி என்று கொள்ளலாம்.

தையல் விட்டுவிட்டு விழுவதற்குக் காரணம் வேறு. ஊசி அடிமட்டம் தொட்டுச் சற்று மேலெழும்போது, நூல் பின்தங்கிச் சிறு கண்ணியாக விரியும். அந்தக் கண்ணியைத்தான் கொக்கி பற்றுகிறது. துணியும் ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பினால் கண்ணி உண்டாகாது, கொக்கி வெறுமனே சுற்றிப் போகும். டார்னிங் பாதத்தின் வேலை அந்தக் கணத்தில் துணியைக் கீழே நிறுத்துவதே. பாதமின்றித் தைப்பவர்கள் பூவேலை வளையத்தில் துணியை முரசுத்தோல்போல் இழுத்துக் கட்டுவதும் இதற்காகத்தான். ஆனால் விரல் ஊசியருகே செல்லும், எச்சரிக்கை வேண்டும். ஊசி மழுங்கியிருந்தாலும், நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கம் அமையாமல் திரும்பியிருந்தாலும் இதே குறை தோன்றும்.

நூல் அடிக்கடி அறுந்தால் ஊசித்துளைத் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். முன்பு ஊசி மோதிய இடத்தில் பிசிறு இருக்கக்கூடும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம். அது நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும். யந்திரத்திற்கென விற்கும் எண்ணெயையே விடுக.

தொடங்கும்போது சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பாபின் நூலை மேலே கொணர்ந்து, இரு நூல்களையும் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் மூன்று நான்கு நுண்தையல் போட்டபின் நூல் முனைகளை நறுக்குங்கள். போர்வையின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துச் செல்லுங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்தால் துணி நடுவில் உப்பி நிற்கும், பிரித்துத்தான் தைக்க வேண்டிவரும்.