அண்ணி என்றால் யார்?

   

மொழிகள் சொந்தம்னு சொல்ல ஓசை ஒற்றுமை போதுமா, போதாதா? போதாது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "கொரியாக்காரரும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுறார், அதனால நம்ம சொந்தம்"னு ஒரே போடாப் போட்டார்.

தம்பி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாங்க. இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் ஆலை திறந்தார்கள். நிசான் ஜப்பான் நிறுவனம். அங்கே ஒரு டீக்கடையில் தமிழர் ஒருத்தர், கொரியப் பெண் ஒருத்தர், ஜப்பானியர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறதா வச்சுக்குவோம். யாரோ "அண்ணி"ன்னு கூப்பிடுறாங்க. தமிழர் அண்ணன் மனைவியைத் தேடுவார். கொரியப் பெண் அக்காவைத் தேடுவார். பெண்கள் அக்காவைக் கூப்பிடும் சொல் அங்கே கிட்டத்தட்ட 'அன்னி'. ஜப்பானிய மொழியில் 'அனி'ன்னா அண்ணன்! அண்ணியைக் கூப்பிட்டா அண்ணனே வந்து நிக்கிறார்! (சிரிப்பு)

ஓசை ஒண்ணு, உறவு மூணு. கொரியப் பெண்கள் அண்ணன் மனைவியையும் 'சே அன்னி', அதாவது 'புது அக்கா' என்பார்கள். எதிரணி துள்ள வேண்டாம்! ஒருத்தரைப் போல ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்றோமே, ஏழு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைகளா?

அப்பா, அம்மா கதையே வேற. குழந்தை உதட்டை ஒட்டிப் பிரிச்சாலே ப, ம வந்துடும். ஜார்ஜியா நாட்டில் 'மாமா'ன்னா அப்பா! அங்கே போய் அப்பாவை மாமான்னு கூப்பிட முடியுமா? (கைதட்டல்)

அப்ப சொந்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கன்னடத்தைப் பாருங்க. பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து. நம்ம 'ப' அங்கே வரிசையா 'ஹ' ஆகுது. இந்த ஒழுங்குதான் சாட்சி. கொரியர்கள் ஒண்ணு, ரெண்டு, மூணை 'ஹனா, துல், செத்' என்கிறார்கள். எங்கே ஒட்டுது? கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-ல் ஹல்பர்ட் என்பவர் புத்தகமே எழுதினார். பெரும்பாலான மொழி அறிஞர்கள் ஏற்கவில்லை.

நாளைக்கு நம்ம பிள்ளை நாலு பேர் முன்னால இதைப் பெருமையாச் சொல்லி, "ஆதாரம் எங்கே?"ன்னு ஒருத்தர் கேட்டா, தலைகுனிஞ்சு நிக்கணுமா? இரண்டாயிரம் வருஷ இலக்கியம் உள்ள தமிழுக்கு இரவல் பெருமை எதுக்கு?

சொந்தம் இல்லைன்னா என்ன? வந்தவங்க விருந்தாளி. நம்ம ஊர்ல விருந்தாளிக்கு இலை போட, சொந்தமான்னு கேட்கிற வழக்கம் உண்டா?