தவறு திரையிலா, விரலிலா?

ஜி.எஸ்.டி. என்ற பெயரைக் கேட்டாலே திருப்பூரில் சிறு முதலாளிகள் பலரின் முகம் சுருங்கிவிடுகிறது. வரி கட்டுவதை விட, அந்த இணையதளத்திற்குள் நுழைந்து வெளியே வருவதுதான் பெரும்பாடு என்கிறார்கள். "இவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை என்றால் மென்பொருள் என்ன செய்யும்?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "மென்பொருளே குழப்பம், நாங்கள் என்ன செய்வது?" என்று மறு சாரார் கேட்கிறார்கள். யார் பக்கம் நியாயம் இருக்கிறது? நடந்தவற்றை வைத்தே பார்ப்போம்.

பனியன் ஊரின் கணக்கு

ஒரு பனியன் உருவாவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், அயர்னிங் எனப் பல கைகள் மாறுகிறது. பெரும்பாலும் எல்லாமே ஜாப் ஒர்க். நூலும் துணியும் கிலோவாகப் போகும். கடைசியில் பீஸாகத் திரும்பும். இடையில் கழிவு வேறு. இந்தப் போக்குவரத்தைச் சொல்வதற்கென்றே ஜி.எஸ்.டி.யில் ஐ.டி.சி.-04 என்றொரு படிவம் வந்தது.

ஜி.எஸ்.டி. தொடங்கியது 2017 ஜூலை 1 அன்று. ஐ.டி.சி.-04 படிவத்திற்கான கெடுவோ மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2019 ஆகஸ்டில், 2017 ஜூலை முதல் 2019 மார்ச் வரையிலான 21 மாதங்களுக்கு அந்தப் படிவமே தேவையில்லை என்று அரசு அறிவித்தது. திரும்பி வராமல் மீதமிருந்த சரக்கை மட்டும் அடுத்த படிவத்தில் காட்டினால் போதும் என்றது. இத்தனை பேருக்கும் அறிவு போதவில்லை என்று சொல்ல முடியுமா?

அழுத்தினால் திரும்ப முடியாத பொத்தான்

மாதாந்திர 3பி படிவத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தொடக்கத்தில், 'சப்மிட்' கொடுத்த பிறகுதான் கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்பதே திரையில் தெரிந்தது. கொடுத்துவிட்டாலோ எதையும் திருத்த முடியாது. ஒரு பூஜ்யம் கூடிப்போனால் அவ்வளவுதான். 2018 பிப்ரவரியில் இதை மாற்றினார்கள். வரித்தொகையை முன்கூட்டியே பார்க்கலாம், பணம் கட்டும் வரை திருத்தலாம் என்று ஆனது. பயன்படுத்துபவர்கள் அதே ஆட்கள்தாம். எந்தப் புதிய படிப்பும் அவர்கள் படித்துவிடவில்லை. பொத்தானின் இடத்தை மாற்றியதும் ஒரு பெரும் சிக்கல் தீர்ந்தது.

இரண்டு கதவு நோட்டீஸ்

இதைவிடக் கடுமையானது நோட்டீஸ் விவகாரம். தளத்தில் 'வியூ நோட்டீசஸ்' என்று ஓரிடம் இருந்தது. 'வியூ அடிஷனல் நோட்டீசஸ்' என்று வேறோர் இடமும் இருந்தது. முதல் இடத்தைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு, இரண்டாவது இடத்தில் நோட்டீஸ் காத்திருந்தது. பதில் வராததால் அதிகாரி ஒருதலையாக உத்தரவு போட்டுவிடுவார். மேல்முறையீட்டுக்கு 3 மாதம்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 1 மாதம். உத்தரவு வந்ததே தெரியாதவர் எப்படி மேல்முறையீடு செய்வார்?

சட்டத்தின் 169-ஆம் பிரிவு, தளத்தில் வெளியிடுவதையும் நோட்டீஸ் சார்வு செய்யும் ஒரு வழியாக ஏற்கிறது. ஆகவே 'பார்க்கவில்லை' என்பது மட்டும் பதிலாகாது. ஆயினும் இந்தக் குழப்பம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. பிறகு தளம் திருத்தப்பட்டு, இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன.

2024-இல் இப்படி வந்த பல வழக்குகளில், உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. கூடவே, சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. வாய்ப்பும் கிடைத்தது, கவனக்குறைவுக்குப் பொறுப்பும் சுமத்தப்பட்டது.

நம் பக்கத்துக் குறை

அந்த 10 சதவீதம் நமக்கும் ஒரு பாடம்தான். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத முதலாளிகள் உண்டு. பதிவில் உள்ள மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்கருடையதாக இருக்கும். ஓ.டி.பி. கேட்டால் எதற்கென்று விசாரிக்காமல் சொல்லிவிடுவோர் உண்டு. இதற்கெல்லாம் மென்பொருளைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் கருவியைச் செய்தவரின் கடமை இதனால் குறைந்துவிடாது. அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988-இல் எழுதிய நூலில் இதைக் கதவை வைத்து விளக்கினார். தள்ள வேண்டிய கதவில் இழுப்பதற்கான கைப்பிடியைப் பொருத்தினால் எல்லோரும் இழுக்கத்தான் செய்வார்கள். ஒருவர் தடுமாறினால் அவரிடம் கேட்கலாம். வருகிறவர் எல்லாம் ஒரே இடத்தில் தடுமாறினால் கதவைத்தான் பார்க்க வேண்டும்.

எளிமையாக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வியாபாரமே நடக்காத மாதத்திற்கான 'நில்' 3பி படிவத்தை 14409 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே தாக்கல் செய்யும் வசதி 2020 ஜூன் 8 அன்று வந்தது. கம்ப்யூட்டரைத் தொடாதவரும் அதைச் செய்ய முடிகிறது.

எனவே சிறு தொழில் நடத்துவோர் சிலவற்றை இன்றே செய்யலாம். பதிவில் உங்கள் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை நோட்டீஸ் பகுதியை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது வீட்டில் படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தில் கோளாறு என்றால் தேதி தெரியும்படி திரைப்படம் எடுத்து, புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். நாளை வழக்கென்று வந்தால், 'தளம் வேலை செய்யவில்லை' என்ற வாய்ச்சொல்லை விட அந்த எண்தான் உங்களுக்காகப் பேசும்.