ஒளியின் நுழைவாயில்

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குச் செல்லும் கொமுட்டர் இரயிலில் பயணிகள் பலரின் கையில் திறன்பேசி ஒளிர்வதைக் காணலாம். அவற்றுள் பலவற்றின் திரை, 'ஓ.எல்.இ.டி.' எனப்படும் கரிம ஒளியுமிழ் இருமுனையங்களால் ஆனது. இத்திரைக்குப் பின்விளக்கு தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அவ்வொளி எவ்வாறு பிறக்கிறது?

இரண்டு மின்வாய்களுக்கு இடையே மிக மெல்லிய கரிமப் படலங்கள் இருக்கின்றன. எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்களும் நேர்மின்வாயிலிருந்து மின்துளைகளும் இப்படலங்களுக்குள் நுழைகின்றன. எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதையே மின்துளை என்கிறோம். இவ்விரண்டும் சந்தித்து இணையும்போது ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது.

சிக்கல் நுழைவாயிலில்தான் உள்ளது. உலோகத்தின் ஆற்றல் நிலையும் கரிமப் படலத்தின் ஆற்றல் நிலையும் ஒன்றல்ல. நடைமேடையைவிட இரயில் பெட்டியின் தளம் மிக உயரமாக இருந்தால், பயணிகள் ஏறத் திணறுவார்கள் அல்லவா? அதுபோலவே எலக்ட்ரான்களும் தடைப்படுகின்றன. அத்தடையைக் கடக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அதனால் மின்கலம் விரைவில் தீர்கிறது. வெப்பம் மிகுந்து திரையின் ஆயுளும் குறைகிறது. மேலும், ஒரு பக்கத்திலிருந்து வருபவை மட்டும் மிகுதியானால், இணை கிடைக்காதவை ஒளி தராமலேயே வெளியேறிவிடும்.

1987ஆம் ஆண்டில், கோடாக் நிறுவன அறிவியலாளர்களான சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் மக்னீசியமும் வெள்ளியும் கலந்த எதிர்மின்வாயைப் பயன்படுத்தினர். 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே பிரகாசமான ஒளி கிடைத்தது. மக்னீசியம் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும். ஆயினும், காற்றிலும் ஈரத்திலும் விரைவில் கெட்டுவிடும். அலுமினியம் அதைவிட உறுதியானது. ஆனால், அதன் ஆற்றல் தடையோ அதிகம்.

1997ஆம் ஆண்டில் இதற்கு வியப்பான தீர்வு ஒன்று வெளிவந்தது. அலுமினியத்துக்கும் கரிமப் படலத்துக்கும் இடையே லித்தியம் புளோரைடு பூசப்பட்டது. இது மின்சாரத்தைக் கடத்தாத பொருள். எனினும், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமனில் பூசியபோது, எலக்ட்ரான்கள் எளிதாக நுழைந்தன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். பூச்சு தடிமனானால் அதுவே தடையாகிவிடும். நேர்மின்வாய்ப் பக்கத்திலும், கண்ணாடியின் மேலுள்ள மின்கடத்தும் பூச்சை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் தூய்மைப்படுத்தினால், மின்துளைகள் எளிதில் நுழைகின்றன.

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சைபர்ஜெயாவிலுள்ள பல்லூடகப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய இருமுனையங்கள் குறித்து ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில், காற்றும் நீராவியும் புகாதவாறு இவற்றை மூடிப் பாதுகாப்பதும் முக்கியமாகும்.

ஒளிரும் பொருள் சிறப்பாக இருந்தால் மட்டும் போதாது. அதனுள் நுழையும் வழியும் சீராக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு நானோமீட்டர் பூச்சு உணர்த்தும் உண்மை இதுவே.