இரண்டு நாள் சென்னை: குழந்தைகளுக்கு ஏற்ற வார இறுதிப் பயணம்

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு ஒரு குடும்பம் வார இறுதியில் பெருநகரம் ஒன்றைப் பார்த்துத் திரும்புவதற்குப் பணத்தைக் காட்டிலும் திட்டமே முதன்மையானது. அத்திட்டத்தின் அளவுகோலாகக் குழந்தையின் உடல் தாங்கும் திறனைக் கொள்ள வேண்டும். கோவையின் போத்தனூரிலும் அதைச் சுற்றியுள்ள வெள்ளலூர், குறிச்சி, சுந்தராபுரம் ஆகிய பகுதிகளிலும் வாழும் குடும்பங்களுக்குச் சென்னை ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவிலுள்ள நகரம். ஆயினும், ஓர் இரவுப் பயணத்தில் சென்று சேரக்கூடிய இந்நகரம், அளவறிந்து பார்க்கும் குழந்தைகளுக்கு இரண்டு நாட்களுக்குள் கடலையும் தொன்மையான கலைச்செல்வங்களையும் காட்டிவிட வல்லது.

இருப்புப்பாதை வழி

சென்னைக்கும் போத்தனூருக்கும் இடையேயான இரயில் உறவு கோவை நகரின் இரயில் உறவைவிடப் பழமையானது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேய்ப்பூர் வரை செல்லும் இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டிலேயே போத்தனூர் வழியாக நிறைவுற்றுவிட்டது. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873-இல்தான் வந்தது. இன்றும் கேரளத்திலிருந்து வரும் வண்டிகள் சில போத்தனூரில் நின்று செல்கின்றன. சென்னைக்குச் செல்லும் சேரன் விரைவு வண்டிக்கும் நீலகிரி விரைவு வண்டிக்கும் கோவை சந்திப்புக்குச் சென்றாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு வண்டியில் புறப்பட்டால், வழக்கமான உறக்க நேரத்திலேயே குழந்தைகள் படுத்துவிடுவதால் பயணக் களைப்பு குறைகிறது. திரும்பும்போது இரவு வண்டியைத் தேர்ந்தெடுத்தால், திங்கட்கிழமை காலையில் உறக்கம் கலையாத குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிவரும். எனவே ஞாயிறு பிற்பகலில் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்பட்டு இரவு உணவு வேளைக்குக் கோவையை அடையும், 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட வந்தே பாரத் வண்டியே சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது.

படுக்கை வசதியுள்ள பெட்டிகளில் ஐந்து வயது நிறைவடையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணமும், வேண்டாமெனில் பாதிக் கட்டணமும் வசூலிக்கப்படுகின்றன. ஏழெட்டு வயதுக் குழந்தை பெற்றோரில் ஒருவரோடு ஒரே படுக்கையை இரவு முழுவதும் பகிர்ந்துகொண்டால் இருவருக்குமே உறக்கம் கெடும் என்பதால், இங்குச் செய்யும் சிக்கனம் மறுநாளின் மகிழ்ச்சியைக் குறைத்துவிடக்கூடும்.

தட்பவெப்பத்தின் வேறுபாடு

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கோவை வட்டாரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றால் ஆண்டின் பல மாதங்களில் இதமாக இருக்கிறது. சென்னையிலோ வெப்பத்தோடு ஈரப்பதமும், அதாவது காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவும், மிகுதி. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும் என்பதால், அங்கே வியர்த்துக் கொட்டினாலும் உடலின் சூடு தணிவதில்லை. குழந்தைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை மறந்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுப்பதும், நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்றரை மணி வரை விடுதி அறையில் ஓய்வெடுக்க வைப்பதும் இன்றியமையாதவை. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான காலம் இப்பயணத்துக்கு மிகவும் உகந்தது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை திட்டத்தைக் குலைக்கக்கூடும்.

எவற்றைப் பார்ப்பது

பேரங்காடிகளும் விளையாட்டுக் கூடங்களும் கோவையிலேயே இருப்பதால், கோவையில் கிடைக்காதவற்றையே சென்னையில் தேடிச் செல்ல வேண்டும். அவ்வகையில் முதலில் வைத்து எண்ணத்தக்கது எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில் அமராவதியின் பௌத்தச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் காக்கப்படுகின்றன. திமிங்கலத்தின் எலும்புக்கூடும், குழந்தைகளுக்கென அமைந்த தனிப் பிரிவும் இங்கு உள்ளன. இதன் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கியதே பின்னாளில் சென்னை உயிரியல் பூங்காவாக வளர்ந்தது. எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட முயலாமல், குழந்தைக்கு விருப்பமான இரண்டு அல்லது மூன்று கூடங்களை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துத் திரும்புவதே பயன் தரும்.

அப்பூங்கா 1985 முதல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்ற பெயரில் இயங்கிவருகிறது. 602 ஹெக்டேர் பரப்புள்ள இது நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தெற்கே இருப்பதால், போய்ப் பார்த்து வருவதற்கே ஒரு பகல் முழுவதும் தேவைப்படும். இரண்டு நாள் பயணத்தில் இதைச் சேர்த்தால் ஏனைய இடங்கள் பலவற்றைக் கைவிட நேரும். மாறாக, கிண்டியிலுள்ள சிறுவர் பூங்காவும் 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணையும் அருகருகே உள்ளமையால், ஞாயிறு காலைப் பொழுதுக்குப் பொருத்தமானவை. மழை பெய்யுமானால் கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கமோ, குழந்தைகள் பிரிவைக் கொண்ட, 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமோ நல்ல மாற்றாகும்.

மெட்ரோ இரயிலும் குழந்தைகளுக்குத் தனிக் காட்சியே ஆகும். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கும் கிண்டிக்கும் மெட்ரோவிலேயே செல்ல முடியும். பெரியவர்களுடன் வரும் 90 செ.மீ.க்கும் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. சுரங்கப்பாதை, நகரும் படிக்கட்டு, தானாகத் திறக்கும் கதவு ஆகியவற்றை முதன்முறையாகக் காணும் குழந்தைகள் அவற்றை நின்று பார்க்க விரும்புவார்கள் என்பதால், அதற்கான நேரத்தையும் திட்டத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

கடற்கரையும் பாதுகாப்பும்

கடலே இல்லாத கொங்கு மண்ணின் குழந்தைக்கு மெரினா தரும் வியப்புக்கு ஈடான காட்சி சென்னையில் வேறில்லை. சனிக்கிழமை மாலையை முழுமையாக அதற்கே ஒதுக்கலாம். ஆனால் மெரினா குளிப்பதற்கான கடற்கரை அன்று. கரையில் மோதிய அலைநீர் ஒடுங்கிய ஓட்டமாகத் திரண்டு கடலுக்குள் விரைந்து திரும்பும்போது, நீச்சல் தெரிந்தவர்களையும் உள்ளே இழுத்துச் சென்றுவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. நொய்யல் ஆற்றையும் குளங்களையும் மட்டுமே பார்த்துப் பழகிய குடும்பத்தினர் இதை உணர்வது அரிது. எனவே குழந்தையின் கையை ஒரு கணமும் விடாமல் ஈர மணலின் எல்லையிலேயே நிறுத்தி, காலை மட்டும் அலை தொட்டுச் செல்ல விட வேண்டும்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் உதவும் வகையில், பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிய தாளைக் குழந்தையின் சட்டைப் பையில் வைப்பதும், நின்ற இடத்திலேயே நின்று காவலரை அழைக்கும்படி முன்னரே பழக்குவதும் எளிய முன்னேற்பாடுகள். குழந்தைகளுக்கான அவசர உதவி எண் 1098 என்பதையும், இரயிலில் உதவி கோர 139 என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

காலையில் ஓர் இடம், நண்பகலில் ஓய்வு, மாலையில் ஓர் இடம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் குடும்பம் சென்னையின் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே திரும்பும்; அது குறையாகாது. மக்களின் வரிப்பணத்தில் எழுந்த அருங்காட்சியகமும் நூலகமும், எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும் கடற்கரையும் தனக்கும் உரியவை என்ற உணர்வைக் குழந்தை பெறுவதே இப்பயணத்தின் முதன்மைப் பயன். ஆகவே பெற்றோர் இடங்களின் பட்டியலைச் சுருக்கி, குழந்தைக்குத் தரும் நேரத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.